பழைய இரும்புக் கடையில கண்ட பித்தளைக் குழாய் மாக்சிம் மெசின் கன்ட பாகமா? எங்கட ஊர்ல இருந்து இதுகளச் சேகரிக்க ஏலுமா?

செங்கலடி ட்ரக்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் செங்கலடியில ஒரு கராஜில வேலை செய்யிறன், ட்ரக்டரும் லேண்ட்மாஸ்டரும் பிரிச்சுப் பூட்டுறதுதான் தொழில். கொஞ்ச காலமா பழைய மெசின் கன்னுகள்ட வீடியோ பாத்துப் பாத்து அதுலயே மனம் போய் நிக்கிது. இப்பத்தச் சாமான்கள் இல்ல, 1900க்கு முந்தினது, கையால சுத்துற கட்லிங், கார்ட்னர், நோர்டன்ஃபெல்ட், மறுகா தானா ஓடுற மாக்சிம், இதுகள்தான். வெடிக்கிறதுல எனக்கு ஆசை இல்ல, உள்ளுக்க இரிக்கிற வேலைப்பாட்டுலதான் ஆசை. கம்பியூட்டர் இல்லாத காலத்தில, ஃபைலும் லேத்தும் வச்சு, ஒரு ரவைய எடுத்து உள்ள தள்ளி, பூட்டி, வெடிக்க வச்சு, வெறுங்கோதை வெளிய எறிஞ்சு, அடுத்தத எடுக்கிற வேலை முழுக்க ஒரு பித்தளைப் பெட்டிக்குள்ள நடக்குது எண்டா அத ஒருக்காக் கையால தொட்டுப் பாக்கணும் எண்டு இரிக்கு.

இப்ப விசயம் என்னெண்டா போன கிழமை ஏறாவூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில பித்தளைக் குழாய் ஒண்டு கண்டன். விட்டம் நாலு அங்குலம் வரும், நீளம் ரெண்டு அடிக்குக் கிட்ட, ஒரு நுனியில விளிம்பு வச்சு நாலு போல்ட் ஓட்டை, மத்த நுனியில உள்பக்கமா மரை வெட்டிக் கிடக்கு. நல்ல கனம். கடைக்காரர் சொல்றார் இது வெள்ளைக்காரன் காலத்து மெசின் கன்ட தண்ணிக் குழாய் எண்டு, பித்தளை விலைய விட மூண்டு மடங்கு கேக்கிறார், வேற ஆளும் கேட்டு வச்சிரிக்காம். இது உண்மையா இரிக்குமா? உண்மையா இருந்தா வாங்கி வச்சிரிக்கலாமா? இதுகளச் சேகரிக்கிற ஆக்கள் எதப் பாத்து இது அருமையான சாமான் எண்டு முடிவெடுக்கிறாங்க, எங்கட ஆக்கள் ஆராவது இப்பிடிச் சேகரிக்கிறாங்களா, நான் எங்க இருந்து தொடங்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, பெரிய உதவியா இரிக்கும்.


சட்டக்கந்தோர் அக்கா:

தம்பி, மத்த ஆக்கள் வந்து துவக்குட கதைய விரிவாச் சொல்லுவாங்க, நான் முதல்ல சட்டத்தச் சொல்லிப் போடுறன், ஏனெண்டா காசு குடுக்கிறதுக்கு முதல் நீங்க இதத் தெரிஞ்சிரிக்கணும். நம்மட நாட்டில 1916ம் ஆண்டு 33ம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை, 1996ல அதத் திருத்தித் தண்டனைய நல்லாக் கூட்டினாங்க. வயல் காக்க, பயிர் காக்க எண்டு கச்சேரியால குடுக்கிற சொட்கன் லைசன்ஸ் இரிக்கே, அதையே வருசா வருசம் புதுப்பிக்கணும். தானா தொடர்ந்து வெடிக்கிற துவக்குக்கு எங்கள மாதிரி ஆக்களுக்கு லைசன்ஸ் இல்ல. நூறு வருசம் பழசு, நூதனசாலைச் சாமான், எனக்குப் பொழுதுபோக்கு எண்டு சொல்லித் தப்புற வழியும் இல்ல.

முழுத் துவக்கு இல்லயே, ஒரு குழாய்தானே எண்டும் நினைக்காதீங்க. துண்டு எண்டாலும் பொலிஸ் வந்து கேட்டா எங்க இருந்து வந்தது, ஆர் தந்தது, ஏன் வச்சிரிக்கிற எண்டு எல்லாத்துக்கும் பதில் வேணும். எங்கட மாவட்டத்துப் பொடியன் ஒருத்தன்ட வீட்டில மெசின் கன் பாகம் எண்டு ஒரு சொல் வெளிய போனாலே உங்கட அம்மா கோட்டுக்கும் பொலிசுக்கும் அலையிற நிலைமை வரும். 1979ல கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தினை வீட்டை எப்பிடி அலைக்கழிச்சது எண்டு நான் சொல்லத் தேவையில்ல. வயலுக்கயோ காணிக்கயோ மண்ணுக்க இருந்து பழைய சாமான் ஏதும் கிடைச்சா அது தொல்பொருளா இரிக்கலாம், அதுக்கு 1940ம் ஆண்டுச் சட்டம் வேற இரிக்கு, கண்டா அறிவிக்கணும். வெடிபொருள் மாதிரித் தெரிஞ்சா கிட்டப் போகாம 119க்கு அடிங்க. வெறுங்கோது, பழைய ரவை, ரவைப் பட்டி ஒண்டையும் வடிவா இரிக்கு எண்டு வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஆசைய நான் குறை சொல்லல்ல தம்பி. ஆசைப்படுங்க, ஆனா உலோகத்தில கை வைக்காம ஆசைப்படுங்க.


கல்முனை லேத் காக்கா:

தம்பி காசு குடுக்காதீங்க, ஒரு சதமும் குடுக்காதீங்க. அக்கா சொன்ன சட்டம் ஒரு பக்கம், நான் சாமானைப் பத்திச் சொல்றன்.

திரும்ப அந்தக் கடைக்குப் போனா செய்ய வேண்டியது ஒண்டுதான், குழாய்க்குள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பா, நீளத்துக்கும் ஒரே அளவாப் போரிங் பண்ணியிரிக்கா, இல்லாட்டி வார்த்த மாதிரியே சொரசொரப்பா இரிக்கா? மாக்சிம்ட தண்ணிக் குழாய் எண்டுறது துவக்குக் குழல் சூடேறாம இரிக்கத் தண்ணி நிக்கிற தொட்டி, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒண்டும் உரசி ஓடுறதில்ல, நடுவால துவக்குக் குழல் மட்டும் போகும், அதுக்க போய் ஆரும் நேரத்தச் செலவழிச்சுப் பொலிஷ் பண்ண மாட்டான். உள்பக்கம் வழுவழுப்பா இருந்தா அதுக்க பிஸ்டன் ஓடியிரிக்கு எண்டு அர்த்தம், தோல் வாசர் போட்ட பம்புட சிலிண்டர். விளிம்பில நாலு போல்ட், மத்தப் பக்கம் மரை எண்டு நீங்க எழுதினத வாசிச்ச உடனயே எனக்குப் பம்பு எண்டுதான் பட்டது.

மாக்சிம்ட குழாய் எண்டா அடையாளம் வேற. முன் நுனி திறந்து கிடக்காது, மூடி இரிக்கும், நடுவுல துவக்குக் குழல்ட வாய் வெளிய வர ஒரு ஓட்டை, அத விட்டு ஆவி போக ஒரு சின்ன ஓட்டை. மேல தண்ணி ஊத்த ஒரு அடைப்பு, கீழ தண்ணி இறக்க ஒரு அடைப்பு. பின்பக்கம் பெட்டியோட சேருற இடம் கனமான வார்ப்பா இரிக்கும், அதுல துவக்கு நிக்கிற தாங்கியில தூக்கி வைக்கிறதுக்கான அமைப்பு இரிக்கும். மேலால குறி பாக்கிற துண்டுக்கு இடம் இரிக்கும். இதுல ஒண்டாவது நீங்க எழுதல்ல.

இன்னொரு விசயம், நீங்க எஞ்சின் பாக்கிற ஆள் எண்டபடியாச் சொல்றன். மாக்சிம்ல துவக்குக் குழல் அசையாம நிக்கிறதில்ல, ஒவ்வொரு வெடிக்கும் குழலே கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரும்பி வருது. தண்ணிக்குள்ளால ஒரு குழல் முன்னும் பின்னும் ஓடுது, ஆனா தண்ணி சிந்தக் கூடாது. அப்ப முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணெய் ஊறின அஸ்பெஸ்டஸ் கயிறு சுத்தி இறுக்கியிரிப்பாங்க, நம்மட தண்ணிப் பம்பு சாஃப்டில கிளாண்டுக்க கயிறு வைக்கிறோமே, அதே வேலைதான். தளர்ந்தா ஒழுகும், கூட இறுக்கினா குழல் ஓடாது. அதோட தண்ணி கொதிச்சு வாற ஆவிய வெளிய விட உள்ளுக்க ஒரு மெல்லிசான குழாய் இரிக்கு, ரெண்டு நுனியிலயும் ஓட்டை, மேலால ஒரு வழுக்குற உறை. துவக்கின்ட மூக்கு மேல போனா உறை தன் பாரத்திலயே பின்னுக்கு வழுக்கி கீழ் ஓட்டைய மூடும், மூக்கு கீழ போனா முன்னுக்கு வழுக்கி மத்ததை மூடும். அப்ப எந்தப் பக்கம் சரிஞ்சாலும் ஆவி மட்டும் போகும், தண்ணி போகாது. ஸ்பிரிங் இல்ல, ஒண்டும் இல்ல, பாரம்தான் வேலை செய்யுது. அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய மூளை பாருங்க.


செங்கலடி ட்ரக்டர்:

அக்கா, காக்கா, ரெண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இண்டைக்கு வேலை முடிஞ்சு நேரா அந்தக் கடைக்குத்தான் போனன். காக்கா சொன்ன மாதிரி கையை விட்டேன், உள்பக்கம் நல்லா வழுவழுப்பு, ஒரு நுனியில வால்வு குந்துற மாதிரி ஒரு வளையமும் தட்டுப்பட்டது. பம்புதான். கடைக்காரரிட்டயும் சொன்னன், அவரும் பாத்துட்டு ஓம் எண்டார், அவருக்கு வித்த ஆள் அப்பிடிச் சொல்லித்தான் வித்திரிக்கான்.

அக்கா சொன்னதும் நல்லா விளங்கிட்டு, உண்மையான சாமான் ஒண்டும் எனக்கு வேணாம். ஆனா கேள்வி இன்னும் இரிக்கு. உலகத்தில இதச் சேகரிக்கிற ஆக்கள் எதத் தேடுறாங்க, இரும்பைத் தொடாம நான் எப்பிடிச் சேகரிக்கலாம்? அந்த ஆவிக் குழாய்ட கதைய வாசிச்சிட்டு ராவு நித்திரை வரல்ல.


வந்தாறுமூலை ரீச்சர்:

தம்பி, நான் இதை எழுதுறதா வேணாமா எண்டு யோசிச்சுத்தான் எழுதுறன். உங்கள எனக்குத் தெரியாது, எழுத்தப் பாத்தா நல்ல பிள்ளை எண்டு தெரியுது. ஆனா மெசின் கன் எண்ட சொல்லை ஆசையோட எழுதியிரிக்கிறதப் பாக்கக்குள்ள எனக்கு வயிறு பிசையுது. 1990ல போருக்க இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில என்ன நடந்தது எண்டு உங்கட வயசுக்கு ஆக்கள் சொல்லித்தான் கேட்டிரிப்பீங்க. தமிழ் ஊரிலயும் நடந்தது, காத்தான்குடிப் பள்ளிக்க தொழுகையில நிண்ட ஆக்களுக்கும் நடந்தது. அந்தச் சத்தத்தக் காதால கேட்ட ஆக்கள் இன்னும் இஞ்ச உயிரோட இரிக்கோம். பட்டாசு கொளுத்தினாலே கதவைச் சாத்துற அம்மாமார் எங்கட ஒழுங்கையில இரிக்காங்க.

நீங்க சொல்ற மாக்சிம் நூதனசாலையில வடிவா நிக்கலாம். அது சுட்ட ஆக்கள்ட பேர் அங்க எழுதியிரிக்குமா? வேலைப்பாடு எண்டு தனியாவும், அது செஞ்சது எண்டு தனியாவும் பிரிச்சு வைக்க ஏலுமா தம்பி? நான் கோவத்தில கேக்கல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க எண்டு உண்மையா அறிய விருப்பம்.


களுவாஞ்சிகுடி ஈஸ்ட்ஹாம்:

நான் சொந்தமாக் களுவாஞ்சிகுடி, இப்ப இரிக்கிறது லண்டனில. ரீச்சர் கேட்டதுக்கு நானும் ஒரு பதில் வச்சிரிக்கன், கடைசியில சொல்றன், அதுக்கு முதல் தம்பிட கேள்விக்கு வாறன்.

நான் வேலைக்குப் போற வழியில ஹட்டன் கார்டன் எண்டு ஒரு தெரு, முழுக்க நகைக்கடை, வைரக்கடை, எங்கட ஆக்கள் கனபேர் தாலிக்கொடி செய்யக் கொடுக்கிற இடம். அதுல ஒரு கட்டடச் சுவரில வட்டமா ஒரு பலகை இரிக்கு, ஹைரம் மாக்சிம் இந்த இடத்துப் பட்டறையிலதான் துவக்கை வடிவமைச்சுச் செஞ்சார் எண்டு. ஆள் அமெரிக்காவில மெய்ன் மாநிலத்தில 1840ல பிறந்தவர், லண்டன் வந்து 1883ல இருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் காப்புரிமை எடுத்து, 1884ல வேலை செய்யிற துவக்கைக் காட்டினார். அதுக்கு முந்தி இருந்த எல்லாத்துக்கும் மனுசன் கையால சுத்தணும், இல்லாட்டி நெம்பைத் தள்ளி இழுக்கணும். மாக்சிம் யோசிச்சது, வெடிக்கக்குள்ள தோளை உதைக்கிற அந்தப் பலம் சும்மா வீணாப் போகுதே, அதையே பிடிச்சு அடுத்த ரவைய ஏத்த வைப்பம் எண்டு. உள்ளுக்க ரெண்டு துண்டு இரும்பு முழங்கால் மாதிரி நேரா நிண்டு பூட்டியிரிக்கும், குழலும், அதுட பின் வாயை அடைக்கிற பூட்டும் சேந்து ஒரு அங்குலம் அளவு பின்னுக்குப் போனதும் முழங்கால் மடியும், மடியக்குள்ள பூட்டு மட்டும் இன்னும் பின்னால போகும். அப்பிடிப் போகக்குள்ள பட்டியில இருந்து புது ரவையையும் குழல்ல இருந்து வெறுங்கோதையும் ஒரே பிடியில இழுத்துக்கொண்டு வரும், பிடி கீழ இறங்கும், மறுகா முன்னால போகக்குள்ள புது ரவை குழலுக்க, வெறுங்கோது கீழ இரிக்கிற குழாயால வெளிய. பெட்டிட இடப்பக்கம் ஒரு ஸ்பிரிங், அதுதான் திருப்பித் தள்ளுறது. தம்பி, நீங்க எஞ்சின் ஆள், இத வரைபடத்தில பாத்தா அரை மணித்தியாலத்தில பிடிச்சிருவீங்க.

இதுக்கு முந்தினதுல கட்லிங்தான் பேர் போனது. 1862 நவம்பர் 4ல அமெரிக்கக் காப்புரிமை, இலக்கம் 36,836. பல குழல் சுத்தும், ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனிப் பூட்டு, சுத்துற வழியில ஒரு சரிவுத் தடம் பூட்டைத் தள்ளும், இழுக்கும். ஒரு சுத்துக்கு ஒவ்வொரு குழலும் ஒருக்காத்தான் வெடிக்கும், அதால சூடாகுறதும் குறைவு. கார்ட்னருக்கு கைபிடியைச் சுத்தினா உள்ளுக்க கிராங்க் சாஃப்ட் மாதிரி ஒண்டு சுத்தும், ரெண்டு பூட்டு மாறி மாறி முன்னும் பின்னும் போகும். பிரித்தானியக் கடற்படை அஞ்சு குழல் கார்ட்னர் ஒண்டை சூடான் பாலைவனத்துக்குக் கொண்டு போய் 1885 ஜனவரியில அபு கிளேயா எண்ட இடத்தில நடுச் சண்டையில அது இறுகி நிண்டு, அதைச் சுத்தி நிண்ட மாலுமிகள் கனபேர் அதிலயே செத்துப் போனாங்க. அந்தக் காலத்து ரவைக் கோது மெல்லிசான பித்தளைத் தகட்டச் சுருட்டிச் செஞ்சது, கறுத்த வெடிமருந்து புகையும் கரியும் கக்குறது, ரெண்டும் சேந்து இறுக்கிப் போடும். 1884ல பிரான்சில புகையில்லாத மருந்து கண்டுபிடிச்ச பிறகுதான் மாக்சிம்ட காலம் உண்மையாத் தொடங்கினது.

சேகரிக்கிற ஆக்கள் எதப் பாக்கிறாங்க எண்டா, முதல்ல இலக்கம். பெட்டி, பூட்டு, மூடி எல்லாத்திலயும் ஒரே இலக்கம் அடிச்சிரிக்கணும், மாறியிருந்தா பல துவக்கில இருந்து சேத்துக் கட்டினது எண்டு அர்த்தம், விலை இறங்கும். ரெண்டாவது, மாத்தாத துவக்கா எண்டு பாப்பாங்க. பிரித்தானியாட முதல்கால மாக்சிம் எல்லாம் .45 அங்குலக் குழல் துளைக் கணக்கு, மறுகா .303க்குக் கனக்கத் துவக்கை மாத்திப் போட்டாங்க, அதால மாத்தாம மிஞ்சினது அருமை. பித்தளைக் குழாய் வச்ச பழைய மாக்சிம் இன்னும் அருமை, ஏனெண்டா பித்தளை உருக்கினாக் காசு. தாங்கியும் வண்டிச் சில்லும் அதோட வந்த அதேதானா எண்டதையும் நோண்டி நோண்டிப் பாப்பாங்க, துவக்கு மிஞ்சின இடத்தில கூடத் தாங்கி மிஞ்சாது. ஒண்டு மட்டும் நல்லா மனசில வையுங்க, பளபளப்பாத் தேய்ச்ச பித்தளையக் கண்டா அனுபவப்பட்ட ஆள் முகம் சுளிப்பார். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் முத்திரையும் அழியும், சாமான்ட வரலாறே அதுலதான் இரிக்கு.

எங்கட பக்கத்துக்குக் கிட்ட ஒரு கதை. நேபாளத்தில கெகேந்திர சம்சேர் எண்ட ஜெனரல் 1890களில கார்ட்னரைப் பாத்து ரெண்டு குழல் பீரா துவக்கு எண்டு ஒண்டு செஞ்சார். மேல தட்டு மாதிரி வட்டமா ரவைப் பெட்டி, பக்கத்தில கைபிடி. கையாலயே செஞ்சபடியா ஒண்டுட பாகம் மத்ததுக்குப் பொருந்தாது எண்டு சொல்லுவாங்க. காத்மண்டுவில ஒரு பழைய அரண்மனைக்க பூட்டிக் கிடந்த ஆயுதக் குவியல 2003 அளவில அமெரிக்க வியாபாரிகள் மொத்தமா வாங்கினாங்க, அதுக்க கார்ட்னரும் இருந்தது, பீராவும் இருந்தது. தென்னாசியாவில செஞ்ச சாமான் எண்டு நான் அதைத்தான் எல்லாத்துக்கும் மேல வைப்பன்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவில 1934ல இருந்து மெசின் கன் கை மாறினா பதிவு பண்ணி 200 டொலர் வரி கட்டணும், 1986 மே 19க்குப் பிறகு புதுசா ஒண்டையும் தனியாள் பேரில பதிய ஏலா, அதால இரிக்கிறதுட விலை ஏறிக்கொண்டே போகுது. ஆனா கையால சுத்துற கட்லிங் அங்க சட்டப்படி மெசின் கன்னே இல்ல, கைபிடியைச் சுத்தாட்டி வெடிக்காது எண்டபடியா. 1890களில செஞ்ச மாக்சிம் எவ்வளவு பழசா இருந்தாலும் மெசின் கன்தான். அசல் கட்லிங் ஒண்டு ஏலத்தில லட்சம் டொலரைத் தாண்டும். இஞ்ச இங்கிலாந்தில தனியாள் தானா வெடிக்கிறதை வச்சிரிக்க ஏலா, செயலிழக்கச் செஞ்சு துவக்குகளைச் சோதிக்கிற லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ்ட முத்திரையும் சான்றிதழும் இரிக்கிறத மட்டும் வாங்கலாம். அப்பிடி ஒண்டை ஊருக்கு அனுப்பி விடுங்க எண்டு ஆரிட்டயும் கேட்டிராதீங்க, பாதுகாப்பு அமைச்சின்ட அனுமதி இல்லாம சுங்கத்தில பிடிபட்டா அக்கா சொன்ன அலைச்சல்தான்.

ரீச்சர், இப்ப உங்கட கேள்விக்கு வாறன். 1898 செப்டம்பர் 2, சூடானில ஓம்துர்மான். ஒரு காலைக்குள்ள மாதியா எண்ட சூடான் இயக்கத்தின்ட ஆக்கள் பத்தாயிரத்துக்கு மேல செத்துப் போனாங்க, பிரித்தானிய எகிப்தியப் பக்கம் அம்பதுக்கும் குறைவு. எல்லாம் மாக்சிம் மட்டும் செஞ்சதில்ல, பீரங்கியும் ரைபிளும் சேந்துதான். செத்தவங்கட பேர் நான் போன ஒரு நூதனசாலையிலயும் எழுதியில்ல. நீங்க கேட்டது சரி. இந்தச் சாமானைப் பத்திக் கதைக்கிற ஒவ்வொருத்தனும் இலக்கத்தையும் முத்திரையையும் சொல்ற வாயால ஓம்துர்மானையும் சொல்லணும் எண்டுதான் நான் நினைக்கிறன்.


செங்கலடி ட்ரக்டர்:

ரீச்சர், நீங்க கேட்டதுக்குக் கோவம் ஒண்டும் இல்ல, கேட்டது நல்லது. என்ர பெரியப்பாவும் அந்த வருசத்தில போனவர்தான், திரும்பி வரல்ல. எங்கட வீட்டில அவர்ர படத்துக்கு இண்டைக்கும் விளக்கு வைக்கிற. அதால நான் இதை விளையாட்டாப் பாக்கல்ல.

கட்லிங்கைப் பத்தித் தேடிப் பாக்கக்குள்ள ஒண்டு கண்டன், அத வாசிச்ச நாள்ல இருந்துதான் எனக்கு இது இப்பிடிப் பிடிச்சது. அதைக் கண்டுபிடிச்ச கட்லிங் எண்ட ஆள் துவக்குக்கு முதல் செஞ்சது நெல் விதைக்கிற மெசின். 1844ல காப்புரிமை எடுத்து, மறுகா அதையே கோதுமைக்கு மாத்தினார். பெட்டிக்க விதையப் போட்டா அளவா ஒவ்வொண்டா விழும். ரவையும் அதே மாதிரித்தான் மேல பெட்டியில போட்டாத் தன் பாரத்தில ஒவ்வொண்டா விழுந்துது. வைத்தியத்துக்கும் படிச்சவர். சண்டையில காயத்த விட நோய் வருத்தத்தில கூட ஆக்கள் சாகுறதக் கண்டு, நூறு பேர்ட வேலைய ஒருத்தன் செஞ்சா பெரிய படை தேவையில்ல, சாவு குறையும் எண்டு நினைச்சதா 1877ல ஒரு கடிதத்தில எழுதியிரிக்கார். குறைஞ்சுதா ரீச்சர்? குறையல்ல. நல்ல மூளையும் நல்ல கையும் உள்ள ஒருத்தர் விதைக்கிற மெசின்ல தொடங்கி எப்பிடி அங்க போய் நிண்டார் எண்டது எனக்கு விளங்கணும். நானும் விதைக்கிற மெசினும் சூடடிக்கிற மெசினும் திருத்துற ஆள்தானே. வேலைப்பாட்டையும் அது செஞ்சதையும் பிரிக்க ஏலாது எண்டு நீங்க சொன்னதுதான் சரி, நான் சேக்கிறதா இருந்தா ரெண்டையும் சேத்துத்தான் சேப்பன்.


கல்லடிச் சுழியோடி:

கதை நல்லாப் போகுது, நானும் ஒண்டு சொல்றன். எங்கட மட்டக்களப்புக் கடலுக்க கிடக்கிற ஹேர்மிஸ் எண்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எல்லாருக்கும் தெரியும், 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானம் குண்டு போட்டு மூழ்கினது, 300 பேருக்கு மேல செத்தாங்க. அம்பது மீட்டருக்கும் கூடின ஆழம், பயிற்சி இல்லாம ஆரும் இறங்கக் கூடாத இடம். கப்பல் இடப்பக்கமாச் சரிஞ்சு கிடக்கு. மாக்சிம்ட கம்பனி 1897ல விக்கர்சோட சேந்தது, மறுகா விக்கர்ஸ் அந்த முழங்கால் பூட்டைத் திருப்பிப் போட்டுச் சின்னதாக்கி 1912ல செஞ்சதுதான் விக்கர்ஸ் மெசின் கன். அதைப் பெருப்பிச்சு .5 அங்குலத்தில நாலு குழல ஒண்டா அடுக்கி விமானத்துக்கு எதிராக் கப்பல்ல பூட்டினாங்க, ஹேர்மிஸுக்கும் 1930களில பூட்டினது. அப்ப அந்த ஹட்டன் கார்டன் பட்டறையில தொடங்கினதுட பேரப்பிள்ளை எங்கட கடலுக்க வந்து கிடக்கு எண்டுதானே கணக்கு.

ஆனா அதுல இருந்து ஒரு ஆணி கூட ஆரும் எடுக்கக் கூடாது. அது செத்தவங்கட இடம், வெடிமருந்தும் உள்ள கிடக்கு. வெளியூர்ல இருந்து வந்து ஞாபகத்துக்கு ஏதும் கிளப்பித் தாங்க எண்டு கேக்கிற ஆக்களும் இரிக்காங்க, நாங்க கூட்டிப் போறதில்ல. தம்பி, பழைய ஆயுதம் கண்ணால பாக்கணும் எண்டா திருகோணமலைக்குப் போங்க, ஓர்ஸ் ஹில்லில இராணுவ நூதனசாலை இரிக்கு, கடற்படைட ஹூட்ஸ் டவர் நூதனசாலையில கரையோரப் பீரங்கி அந்தந்த இடத்திலயே நிக்கிது. அடையாள அட்டை கொண்டு போங்க, படம் எடுக்க முதல் கேளுங்க.


வந்தாறுமூலை ரீச்சர்:

தம்பி, உங்கட பெரியப்பாட கதைய எழுதினதுக்கு நன்றி. மனசு கொஞ்சம் ஆறுது. நெல் விதைக்கிற மெசின்ட கதை எனக்குத் தெரியாது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேணும். நீங்க சேக்கிறத ஒரு கொப்பியில எழுதி வையுங்க, எங்கட பாடசாலைக்கு ஒரு நாள் வந்து கதையுங்க, பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேக்கட்டும். ஓம்துர்மானையும் சொல்லணும், 1990யும் மறைக்கக் கூடாது.


கல்முனை லேத் காக்கா:

ரீச்சர் சொன்னதுக்கு நானும் வாறன், சாமான் ஏத்திக்கொண்டு வர என்ர பட்டா லொறி இரிக்கு.

தம்பி, கடைசியாத் தொடங்கிற வழியச் சொல்றன். முதல்ல கட்லிங்ட 1862 காப்புரிமைப் படம் இணையத்தில சும்மாவே கிடைக்கும், பெரிசா பிரிண்ட் எடுங்க. மாக்சிம்ட படங்களும் அப்பிடித்தான். ஒவ்வொண்டையும் ஒரு ஃபைலில போட்டு, எந்த வருசம், ஆர் செஞ்ச, எங்க பாவிச்ச, ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு பக்கத்தில எழுதுங்க. அது பொலிஸ் வந்து பாத்தாலும் ஒண்டும் சொல்ல ஏலாத சேகரிப்பு.

மறுகா கையால தொட்டு விளங்க ஆசை எண்டா மரத்தில செய்வம். ஆனா துவக்கு உருவத்தில வேணாம், குழல் வேணவே வேணாம், துளை போட்ட ஒரு கம்பி கூட இரிக்கக் கூடாது. அந்தச் சரிவுத் தடம் எப்பிடி வேலை செய்யிது எண்டு மட்டும் காட்டுற ஒரு உருளை, வெளிய ஒரு வளையம், உள்ள ஆறு மரக் கட்டை முன்னும் பின்னும் வழுக்குற மாதிரி, ஒரு கைபிடி. பாக்கிற ஆளுக்கு அது விதைக்கிற மெசின்ட மொடல் எண்டுதான் தெரியும், அப்பிடியே இரிக்கட்டும். உருளைக்குத் தேக்குக் கட்டை என்னிட்டக் கிடக்கு, கடைஞ்சு தாறன், வளையத்துக்கு நீங்க பிளைவூட் வெட்டிக்கொண்டு வாங்க. சரிவைக் குத்தனா வெட்டிராதீங்க, கட்டை ஏறாம இறுகி நிக்கும். அரைச் சுத்துக்கு மெல்ல மெல்ல ஏறி மத்த அரைச் சுத்துக்கு மெல்ல இறங்கணும். வெள்ளிக்கிழமை கடை பூட்டு, மத்த நாள் எப்ப வந்தாலும் லேத் ஓடிக்கொண்டுதான் இரிக்கும்.